பெட்டிக்குள் இருந்த பதினோரு சீட்டு

2022-ல் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுவைத் திருத்தி அமைத்தபோது நானும் உறுப்பினரானேன். மொத்தம் 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். தலைவராக வருபவர் அங்கே படிக்கும் பிள்ளையின் அம்மாவாக இருக்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டமே முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. கூலி வேலைக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? வந்த ஆறேழு பேரும் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவோம். தீர்மானம் முன்பே எழுதியிருக்கும்.

மூன்றாவது கூட்டத்தில் பள்ளி வளர்ச்சித் திட்டம். சுற்றுச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பதா, கேட்டை மாற்றுவதா என்று வார்டு உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் தலைவி அக்கா திடீரென்று, "அந்த மாணவர் மனசு பெட்டியில என்னதான் இருக்கு டீச்சர்?" என்றார். பிள்ளைகள் தங்கள் குறைகளைச் சீட்டில் எழுதிப் போடுவதற்கான பெட்டி அது. வைத்ததோடு சரி, திறந்ததே இல்லை. சாவியைத் தேடவே கால் மணி நேரம் ஆனது.

பதினோரு சீட்டு இருந்தது. ஏழில் ஒரே விஷயம்: பெண்பிள்ளைகள் கழிப்பறையில் உள்தாழ்ப்பாள் இல்லை. "அதனால நான் ஸ்கூல்ல தண்ணியே குடிக்கறதில்ல" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். என் மகள் தினமும் தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். அதற்காக நான் திட்டாத நாளில்லை.

தாழ்ப்பாள் மறுநாளே வந்தது. நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

அப்புறம் எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரைக் கூட்டத்தில் உட்கார வைத்தோம். அவர்கள் உறுப்பினர்கள் இல்லை, அதனால் நோட்டில் கையெழுத்து கிடையாது. ஹெச்எம் டீச்சர் தயங்கினார்: "இங்க குறை சொல்ற பிள்ளை நாளைக்கு அதே வகுப்புலதானே உட்காரணும்?" நியாயம்தான். அதனால் மற்றவர்களின் குறைகளைப் பெயர் சொல்லாமல் வாசிக்கச் சொன்னோம்.

பையன் வாசித்த முதல் குறையே, விளையாட்டு பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்கிறார் என்பதுதான். சார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெற்றோரில் பாதிப் பேர் சார் பக்கம். நானும்தான், மறைப்பானேன். கடைசியில் வாரத்தில் இரண்டு பீரியடில் ஒன்றை விட்டுக்கொடுத்தார். பரீட்சை மாதத்தில் மட்டும் இரண்டும் தனக்கே என்று எழுதச் சொன்னார், பையன் ஒத்துக்கொள்ளவில்லை. நான் குழுவில் இருந்தவரை அந்த வரி தகராறாகவே இருந்தது.