கொலையாளி யாரென்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் துப்பறியும் நாவலை ஏன் வாசிக்க வேண்டும்?

கல்லடி வாசகன்:
வணக்கம். வில்லியம் மெக்கில்வானி எழுதி 1977இல் வெளிவந்த ‘லெய்ட்லோ’ என்னும் ஸ்கொட்லாந்து நாவலைப் பாதிவரை வாசித்திருக்கிறேன். கிளாஸ்கோ நகரில் இளம்பெண் ஒருத்தி கொல்லப்படுகிறாள். ஆனால் கொன்றவன் தப்பியோடுவதிலேயே முதல் அத்தியாயம் தொடங்குகிறது. அவன் யாரென்பதும் விரைவிலேயே வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. விசாரிக்கும் பொலிஸ் பரிசோதகர் ஜாக் லெய்ட்லோவோ ஒற்றைத் தலைவலியாலும் குடும்பச் சச்சரவாலும் அலைக்கழிபவர். அலுவலக மேசையின் லாச்சிக்குள் கீர்க்ககோர், காம்யு, உனமுனோ ஆகிய தத்துவ எழுத்தாளர்களின் நூல்களை வைத்திருப்பவர். மனம் நொந்த பொலிஸ்காரர்களைத் தொலைக்காட்சித் தொடர்களில் பார்த்துச் சலித்துப்போன எனக்கு, இவரும் அதே அச்சில் வார்க்கப்பட்டவராகவே தோன்றுகிறார். தொடர்ந்து வாசிப்பதால் பயன் உண்டா?

கல்முனையிலிருந்து, ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:
தம்பி, நீங்கள் சொல்லும் அச்சுக்கே மூலமான நாவல்களுள் இதுவும் ஒன்று. பின்னர் வந்தவற்றை முதலில் பார்த்துவிட்டதால் இது பழையதாகத் தெரிகிறது. கொலையாளியை ஆசிரியர் மறைக்காததற்குக் காரணம் உண்டு. அவனைத் தேடுபவர்கள் பொலிஸார் மட்டுமல்லர்: மகளை இழந்த தகப்பன் தன் கையாலேயே பழிதீர்க்கத் துடிக்கிறார், நகரத்துச் சண்டியர் தலைவர்களும் தத்தம் காரணங்களுக்காக அவனைத் தேடுகிறார்கள். எனவே யார் கொன்றான் என்பதைவிட, யார் கையில் அவன் முதலில் சிக்குவான் என்பதே கதையை நகர்த்துகிறது.

லெய்ட்லோவின் துயரத்தையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கொலைகாரன் நம்மினத்தைச் சேராத ஒரு பிராணி என்று எண்ணிக்கொண்டால் பொலிஸ் வேலை இலகுவாகிவிடும். மில்லிகன் என்ற சக பரிசோதகர் அப்படித்தான் எண்ணுகிறார், நிம்மதியாகவும் இருக்கிறார். லெய்ட்லோவால் அது முடியவில்லை. இருவருக்கும் நடுவில் நிற்கும் இளம் அதிகாரி ஹார்க்னஸ் யாருடைய வழியில் போவதென்று தடுமாறுவதைக் கவனித்து வாசியுங்கள். நான் பல ஆண்டுகள் குற்றவாளிக் கூண்டுக்கு அருகில் நின்று மொழிபெயர்த்தவன். வழக்குப் பார்க்க வந்த சனம் கூண்டில் நிற்பவனைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். அவனுடைய தாயோ வெளி விறாந்தையில் சோற்றுப் பார்சலோடு காத்திருப்பார். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவனுக்கு லெய்ட்லோவின் தலைவலி பாசாங்காகத் தெரியாது.

அக்கரைப்பற்று ஆசிரியை:
ஐயா கூறியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் எல்லோருக்கும் இரங்கும் இந்த மனிதர், தம் மனைவி ஈனாவிடம் மட்டும் அந்த இரக்கத்தைக் காட்டுவதில்லை. வழக்கைக் காரணங்காட்டி ஹோட்டலில் தங்குகிறார். அங்கே பணிபுரியும் ஜான் (Jan) என்னும் பெண்ணுடன் உறவும் வைத்துக்கொள்கிறார். ஆசிரியர் இதை விமர்சிக்கிறாரா, அல்லது மேதைக்குரிய சலுகையாக விட்டுவிடுகிறாரா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. ஈனாவின் பக்கத்திலிருந்து ஓர் அத்தியாயமேனும் எழுதப்பட்டிருந்தால் நாவல் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

மற்றபடி, சுரங்கத் தொழிலாளியின் மகனும் என்னைப்போல் ஆசிரியராக இருந்தவருமான மெக்கில்வானி தொழிலாளர் வீடுகளை வரைந்திருக்கும் விதத்திற்காகவே இதை வாசிக்கலாம். கொல்லப்பட்டவளின் வீட்டில் தகப்பனின் முரட்டுத்தனத்துக்கு அஞ்சித் தாய் வாயடைத்துப்போயிருக்கும் பகுதிகளை வாசிக்கையில் எனக்கு நெஞ்சு கனத்தது.

கல்லடி வாசகன்:
இருவருக்கும் நன்றி. ஹார்க்னஸை நான் வெறும் உதவியாளராகவே எண்ணிக் கடந்துவிட்டேன். ஆசிரியை அவர்கள் கேட்டதையும் மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசிக்கிறேன். இயன் ரேங்கின் எழுதிய, ரீபஸ் என்னும் பொலிஸ் துப்பறிவாளர் வரும் நாவல்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று கேள்விப்பட்டேன், அது உண்மையா?

கல்முனையிலிருந்து, ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:
உண்மைதான். எடின்பரோவைக் களமாகக் கொண்ட முதல் ரீபஸ் நாவல் 1987இல்தான் வந்தது. மெக்கில்வானியிடமிருந்து கற்றதை ரேங்கின் ஒருபோதும் மறைத்ததில்லை. 2015இல் மெக்கில்வானி காலமானபோது அரைகுறையாக விட்டுச்சென்ற லெய்ட்லோ கதையை ரேங்கினே நிறைவுசெய்து 2021இல் வெளியிட்டார். அது லெய்ட்லோவின் இளமைக்காலத்தைச் சொல்வதாயினும் அதிலிருந்து தொடங்காதீர்கள். 1983இலும் 1991இலும் வந்த அடுத்த இரண்டையும் முதலில் முடியுங்கள். மூன்றாவது நாவலில் லெய்ட்லோ தன் சகோதரனின் மரணத்துக்கான காரணத்தைத் தானே தேடிச்சென்று, தன் வாயாலேயே கதையைச் சொல்கிறார். கையில் வழக்கு எதுவும் இல்லாமலே அவர் அதில் விசாரிக்கிறார்.