மறு: குழல் அரிமானம் – மூன்று பழுதுக்கும் ஒரே சொல்லா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய ராணுவ ரைபிள்களைச் சேகரிப்பவர்களுக்கான சொற்பட்டியலில், குழலுக்குள் வரும் மூன்று வேறு பழுதுகளுக்கும் 'குழல் அரிமானம்' என்ற ஒரே சொல்லை ஏறக்குறைய உறுதி செய்துவிட்டோம் என்று நேற்றைய மடல்களிலிருந்து தெரிகிறது. பட்டியலை மூடுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

> ஆங்கிலத்தில் த்ரோட் ஈரோஷன், மசில் வேர், பிட்டிங் என்று மூன்றாகச் சொன்னாலும், எல்லாமே குழலின் உட்புறம் கெடுவதுதானே? அரிமானம் பாடநூலிலேயே இருக்கிற சொல். புதிதாக எதற்கு?

பாடநூலில் இருப்பதுதான் சிக்கல். அங்கே அரிமானம் என்றால் உலோகம் காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து கெடுவது. இந்த மூன்றில் பிட்டிங் ஒன்றுதான் அப்படிப்பட்டது. மற்ற இரண்டுக்கும் துருவோடு சம்பந்தமே கிடையாது. மசில் வேர் குழலின் முனை உரசி வருவது, த்ரோட் ஈரோஷன் தோட்டா அறைக்கு முன்னால் சூட்டில் வருவது.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் இங்கே அமெரிக்காவில் ஒரு கடையில் மோசின் நாகான்ட் 91/30 என்ற பழைய சோவியத் ராணுவ ரைபிள் ஒன்று வாங்கினேன். சீட்டில் 'குழல் கொஞ்சம் தேய்ந்தது' என்று எழுதியிருந்தார்கள். சோவியத் கிடங்கிலிருந்து வந்தபடியே காஸ்மோலின் கிரீஸ் அப்பியிருந்ததால் கடையில் உள்ளே எதுவும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கிரீஸைக் கரைத்து எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், தேய்வே இல்லை. புரியின், அதாவது குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் பள்ளங்களின், மேடுகள் கூர்மையாக நிற்கின்றன. ஆனால் தோட்டா உட்காரும் அறையிலிருந்து முனை வரைக்கும் அம்மைத் தழும்பு மாதிரி குழி. வெள்ளைத் துணியை விட்டு இழுக்கும்போதெல்லாம் நூல் நூலாகச் சிக்கிக்கொண்டு பழுப்பாக வந்தது. பழுது இருந்தது உண்மை, அதற்குச் சீட்டில் போட்ட பெயர்தான் தப்பு. அந்த ஒரு சொல்லை நம்பிப் பணம் கொடுத்தவன் நான் என்பதால், இந்த விவாதத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுகிறேன்.

அந்தக் குழி எப்படி வருகிறது? பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில், அதாவது முதலில் தீப்பற்றும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படிந்துவிடும். சாப்பாட்டு உப்புக்குப் பங்காளி என்றே சொல்லலாம், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போகாது, ஏனென்றால் உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். கழுவாமல் விட்ட குழலில் விழுவதுதான் இந்தக் குழி. இதற்குத் 'துருக்குழி' என்ற சொல் போதும். விளக்கமே வேண்டாம், கேட்டவுடன் புரியும்.

அடுத்தது மசில் வேர். இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன், நம் ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்த விஷயம் என்பதால். லீ என்ஃபீல்டை, அதாவது நாம் 'த்ரீ நாட் த்ரீ' என்று சொல்லும் அதே ரைபிளை, சுத்தம் செய்யக் கம்பி கொடுக்கவில்லை. ஒரு முனையில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு கொடுத்தார்கள், பின்பக்கமிருந்து உள்ளே போட்டு முன்பக்கமாக இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் ஒன்றும் ஆகாது. அவசரத்தில் சாய்த்து இழுத்தால் கயிறு முனையின் விளிம்பில் உரசும். வருடக்கணக்கில் அப்படி இழுத்த ரைபிள்களின் முனையில் ஒரு பக்கமாகப் பள்ளம் விழுந்திருக்கும். ஊர்க் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் தாம்புக்கயிறு அறுத்த தடம் இருக்கிறதே, அது இரும்பில் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆங்கிலத்தில் இதற்கென்றே கார்ட் வேர் என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். நாமும் 'கயிற்றுத் தடம்' என்று தனியாகவே வைப்போம். கம்பி உரசி வருவதையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்ல 'தேய்வு' இருக்கிறது. தேய்மானம் என்றால் கணக்குப் பிள்ளைக்கு ஒரு பொருள், நகைக்கடையில் இன்னொரு பொருள். அதனால் அதைத் தவிர்க்கலாம்.

> மசில் வேர் = வாய்த்தேய்வு

இதை எழுதிய நண்பர் மன்னிக்க வேண்டும். வாய், தொண்டை இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? வாய்க்கு அடுத்து தொண்டை என்றுதான். குழலில் அது நேர் எதிர். த்ரோட் என்பது தோட்டா உட்காரும் அறைக்குச் சற்று முன்னால், புரி தொடங்கும் இடம், மசிலோ மறுகோடியில். நல்லவேளையாக, 'துப்பாக்கி முனையில் மிரட்டி' என்று செய்தித்தாள் தினமும் எழுதிப் பழக்கிவிட்டது. 'முனைத்தேய்வு' என்று வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

சரி, தொண்டைக்கு வருவோம். அங்கே உரசல் இரண்டாம் பட்சம், சூடுதான் முதல். எரிவாயு மிகுந்த அழுத்தத்தோடும் வெப்பத்தோடும் முதலில் மோதுகிற இடம் அது. எஃகின் மேற்பரப்பு இறுகி, வற்றிய குளத்து வண்டல் போல நுணுக்கமாக வெடித்து, ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் செல்லப்படும். பிரிட்டிஷார் முதலில் பயன்படுத்திய கார்டைட் என்ற தோட்டா மருந்தில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு. அது குழலை வேகமாகத் தின்றதால், பிறகு வந்த எம்.டி. வகையில் 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். இங்கே நான் முன்வைக்கும் சொல் 'தொண்டைத்தீய்வு'. அடுப்பில் தோசை தீய்வதைச் சொல்லும் அதே வினை, பெயராக.

> தேய்வு, தீய்வு – ஒரு எழுத்து மாறினால் பொருளே மாறும். தட்டச்சுப் பிழைக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

நியாயமான கவலை, நானும் இதை யோசித்தேன். அதனால்தான் இரண்டையும் தனியாக விடாமல் இடப்பெயரோடு ஒட்டியே கொடுக்கிறேன். முனை என்றால் தேய்வு, தொண்டை என்றால் தீய்வு. எழுத்துப் பிழை வந்தாலும் முன்சொல் காப்பாற்றிவிடும்.

இப்படிப் பிரிப்பதால் என்ன லாபம் என்று கேட்டவருக்கு ஒரு எடுத்துக்காட்டு. எம்1 கேரண்ட் என்ற அமெரிக்க ராணுவ ரைபிளின் அமைப்பில் பின்பக்கமிருந்து கம்பி விட வழியில்லை, முனைப் பக்கமிருந்துதான் விட வேண்டும். அதனால் அமெரிக்காவில் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு பொதுமக்களுக்கு இந்த ரைபிள்களை விற்கும்போது முனைக்கு ஒரு அளவி, தொண்டைக்கு ஒரு அளவி என்று தனித்தனியாக விட்டு எண் குறிப்பார்கள். எண் ஏற ஏறப் பழுது அதிகம். 'சர்வீஸ் கிரேடு' என்ற தரம் என்றால் முனை 3-க்குள், தொண்டை 5-க்குக் கீழே. இனி அந்தச் சீட்டை நீங்களே படித்துப் பாருங்கள். முனை மோசம், தொண்டை நன்று என்றால், அந்த ரைபிள் சுட்டது குறைவு, துடைக்கப்பட்டது அதிகம். பயிற்சி முகாமிலேயே காலம் கழித்திருக்கலாம். தொண்டை மோசம் என்றால் நிறைய சுட்டிருக்கிறது. இரண்டையும் அரிமானம் என்று எழுதிவிட்டால், ரைபிள் தன் வாயால் சொல்கிற கதையை நாமே அழித்துவிடுகிறோம்.

புரி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வரி. ரைஃப்ளிங்குக்கு 'மரை' என்று பலர் எழுதுகிறார்கள், தப்பில்லை. ஆனால் லீ என்ஃபீல்டின் ஐந்து பள்ளங்களும் இடப்பக்கம் சுற்றும், மோசினின் நான்கும் வலப்பக்கம். சங்குக்கு நாம் வைத்த இடம்புரி, வலம்புரி இரண்டும் இங்கே அப்படியே வந்து உட்காருகின்றன.

மிச்சம் இருப்பது கவுன்டர்போர். முனை தேய்ந்த மோசின்களை சோவியத் பட்டறைகளில் தூக்கி எறியவில்லை. முனையில் கெட்டுப்போன புரியை மட்டும் சற்றுப் பெரிய துளையாகக் குடைந்து எடுத்துவிட்டார்கள். அதனால் குண்டு கடைசியாகத் தொடும் இடம் உள்ளே தள்ளிப் போய், நல்ல புரியிலிருந்து நேராகக் கிளம்பும். வெளியிலிருந்து பார்க்கிற புதியவர் முனையில் புரியே இல்லை என்று பயந்துவிடுவார். கடல் உள்வாங்கியது என்கிறோமே, அதை வைத்து 'முனை உள்வாங்கல்' என்று எழுதிப் பார்த்தேன். தானாக நடந்தது போல ஒலிப்பது ஒரு குறை, இது பட்டறையில் வேண்டுமென்றே செய்த வேலை. 'முனைக்குடைவு' அதைச் சரி செய்கிறது, ஆனால் பழுது போல் கேட்கிறது. கடைசல் பட்டறையில் வேலை செய்தவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். துளையின் வாயை மட்டும் அகலப்படுத்துவதற்கு அங்கே புழங்கும் சொல் எது என்று எழுதுங்கள், அதையே வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.