காணாமற்போனவரின் மனைவியும் மறுமணமும்: அந்த "ஏழு ஆண்டு" எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

மடுவழி:
இரண்டாம் வாய்ப்பைப் பேசும் கிறிஸ்தவக் காதல் நாவல்களைப் பற்றி நேற்று எழுதிய மாங்குளத்தான், "கணவன் காணாமற்போய் ஏழு ஆண்டுகள் கடந்தால் கத்தோலிக்கத் திருச்சபை மறுமணத்தை அனுமதித்துவிடும், ஆகவே போரில் கணவனைத் தொலைத்த வன்னிப் பெண்ணை நாயகியாக்குவது எளிது" என்று முடித்திருந்தார். இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1707ஆம் விதி, எவ்வளவு நீண்ட காலமானாலும் காணாமற்போனது மட்டும் போதாது என்றும், சாட்சிகளை விசாரித்து, அவர் இறந்துவிட்டார் என்ற உறுதி ஏற்பட்ட பின்னரே ஆயர் அறிவிப்பு வழங்கலாம் என்றும் கூறுகிறது. ஏழு என்ற எண் அங்கே இல்லை.

மாங்குளத்தான்:
நாவல் சட்டப் புத்தகமன்று. ஏழு ஆண்டு என்பது ஊரறிந்த கணக்கு. நொந்துபோன இருவர் செபத்தால் எழுந்து புதுவாழ்வு தொடங்குவதைத்தான் வாசகர் தேடுகிறார். விவிலியத்தில் விதவையான ரூத்து போவாசை மணந்தபோது எந்த ஆயர் கையொப்பமிட்டார்?

மடுவழி:
ரூத்தின் கணவன் மோவாபில் இறந்ததை அந்நூலின் முதல் அதிகாரமே சொல்லிவிடுகிறது. போவாசும் முறையின்றி மணக்கவில்லை. ஊர் வாயிலில் பத்து மூப்பர் முன்னிலையில், தன்னைவிட நெருங்கிய உறவினனிடம் கேட்டுத் தீர்த்த பின்னரே மணந்தார். நான்காம் அதிகாரத்தையும் படியுங்கள். போர் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவள் எப்படி ரூத்து ஆவாள்? இலங்கையின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் தரும் சான்றிதழ்கூட அவர் காணாமற்போனதைத்தான் பதிவு செய்கிறது. அவளை விதவை என்று சொல்லவில்லை. நவம்பர் 2ஆம் திகதி இறந்தோர் திருப்பலிக்குப் பெயர் எழுதும் தாள் கைமாறி வரும்போது, மாமனார் மாமியார் பெயர்களை எழுதிவிட்டு, கணவன் பெயரை எழுதுவதா விடுவதா என்று பேனாவோடு நிற்கும் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். நாவல் அந்தத் தாளிலிருந்து தொடங்க வேண்டும். நீங்களோ ஏழு என்று எழுதி அவளைத் தாண்டிப் போகிறீர்கள்.

வவுனியா வாசகி:
நான் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவள். எங்களுக்கு உங்கள் 1707 தேவையில்லை. இவ்வகை நாவல்களுக்கு வேர் விவிலியத்தில் உள்ள ஓசியா இறைவாக்கினரின் புத்தகம். பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக்கலம் வாற்கோதுமையும் கொடுத்து, விட்டுப்போன மனைவியை அவர் மீட்டார். அமெரிக்க நாவலாசிரியை பிரான்சின் ரிவர்ஸ் அதைத்தான் 1850களின் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய் 1991இல் நாவலாக்கினார். மடுவழி அவர்கள் எவர் எழுதினாலும் நீதிபதியாகி விடுகிறார்; என் சிறுகதையையும் இப்படித்தான் கிழித்தார்.

மடுவழி:
சகோதரி, உங்கள் சிறுகதையில் தாயொருத்தி ஒரே பக்கத்தில் எல்லாரையும் மன்னித்துவிட்டாள். அது பொய் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஓசியாவின் மனைவி உயிரோடு இருந்தாள், எங்கே இருந்தாள் என்பதும் அவருக்குத் தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் காணாமற்போனவர்களின் படங்களோடு அமர்ந்த பெண்கள் கேட்டது அந்த "எங்கே"யைத்தான். மறுமணத்தை நான் எதிர்க்கவில்லை. நாயகி அந்த விசாரணைக்குள் போகட்டும், சாட்சி சொல்ல வந்த மைத்துனன் முகத்தைப் பார்க்கட்டும், அதன் பிறகு காதலிக்கட்டும்.

நந்திக்கடல்:
மாங்குளம் என்ற ஊர்ப்பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு கனடாவிலிருந்து எழுதுபவருக்கு இதெல்லாம் எப்படி விளங்கும்?

மாங்குளத்தான்:
2008இல் நானும் தறப்பாளும் பிள்ளைகளுமாக இடம்பெயர்ந்தவன்தான், தம்பி. மடு மாதாவின் திருச்சுரூபமே அந்த ஏப்ரலில் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. யார் எங்கிருந்து எழுத வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். மடுவழி, ஏழு ஆண்டு காத்திருந்தவளிடம் இன்னும் சாட்சி கேட்பதுதான் உங்கள் விசுவாசமா?

மடுவழி:
கேட்பது நானல்ல, விதி. ஏழு என்ற எண்ணை அதில் காட்டுங்கள்.

மாங்குளத்தான்:
காட்டத் தேவையில்லை. என் நாயகி ஏழாம் ஆண்டில்தான் மணப்பாள்.

மடுவழி:
அப்படியானால் அதைக் கத்தோலிக்க நாவல் என்று சொல்லாதீர்கள். விதியின் இரண்டாம் பிரிவை முழுமையாகத் தட்டச்சு செய்து இன்றிரவு இங்கே இடுகிறேன்.