தோள்மூட்டு மூன்றாம் முறையாக விலகியுள்ளது: அறுவை சிகிச்சை அவசியமா?

கேள்வி:
அலங்காநல்லூரில் வசிக்கும் என் தம்பிக்கு வயது 22. கபடியில் முதலில் விலகிய வலது தோள்மூட்டு, சென்ற வாரம் சட்டை மாட்டக் கையைத் தூக்கியபோதே நழுவிவிட்டது. மூட்டை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஆனால் அவன் தூங்கவே பயப்படுகிறான்.

பதில் 1:
ஐயா, இந்த வயதில் மூட்டு திரும்பத் திரும்ப விலகினால், மேற்கை எலும்பின் தலை பொருந்தும் தோள் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வளையம் கிழிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதைச் சிறு துளைகள் வழியே எலும்போடு மீண்டும் தைப்பதே பாங்கார்ட் எனும் அறுவை சிகிச்சை. எம்ஆர்ஐயுடன் சிடி ஸ்கேனும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், ஏனெனில் கிண்ண எலும்பு பெரிதும் தேய்ந்திருந்தால் தையல் மட்டும் தாங்காது. அப்போது லாட்டர்ஜே எனும் அறுவை முறையில் அருகிலுள்ள எலும்புத் துண்டை அங்கே திருகாணியால் பொருத்துவார்கள்.

பதில் 2:
எனக்கு மதுரையில் பாங்கார்ட் சிகிச்சைதான் செய்தார்கள். நான்கு வாரம் ஸ்லிங்கில் (கழுத்தில் மாட்டும் கைத்தூளியில்) கை. மாட்டுத்தாவணிப் பேருந்தில் மேல்கம்பியை அந்தக் கையால் பிடிக்க நான்கு மாதமாயிற்று. உங்கள் தம்பி பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதிருக்கட்டும். கபடிக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.