கோல்ட் கிராக்கிங்: மாணவனுக்குப் புரிகிற ஒரு சொல் வேண்டும்

பேட்டை, தொழிற்பயிற்சி ஆசிரியர், திங்கள்

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கனரக வண்டிப் பழுதுபார்ப்பில் ராடு வெல்டிங் பற்றி எங்கள் மாணவர்களுக்கு ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். முன்சூடு, ஊடுருவல், கசடு (வெல்டின் மேல் படியும் ஸ்லாக்) என்று மற்ற சொற்கள் ஓடிவிட்டன. கோல்ட் கிராக்கிங்கில் வந்து நிற்கிறேன்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். பொக்லைன் பக்கெட்டின் உதட்டுத் தகட்டில் பல் மாட்டும் அடாப்டரைப் பற்றவைக்கிறோம். இரண்டுமே தடித்தவை, கடினமான எஃகு. ராடின் பூச்சில் ஈரம் இருந்தால் ஆர்க் சூட்டில் அது சிதைந்து ஹைட்ரஜன் உருகிய உலோகத்துக்குள் போகும். ஆறும்போது வெல்டுக்குப் பக்கத்தில் கடினப்பட்டுப்போன பகுதியில் போய்த் தங்கும். சுருங்கும் வெல்டின் இழுவிசையும் கூடும்போது விரிசல் விழுகிறது. சூடு 200 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு, சில மணி நேரம் கழித்தோ ஒன்றிரண்டு நாள் கழித்தோ வரும். வேலை முடித்த மாலையில் ரன், அதாவது ராடு ஓட்டிய வரி, அழகாகவே தெரியும்.

கலைச்சொல் பட்டியல்களில் இருப்பது ‘குளிர் விரிசல்’. வகுப்பில் அதைச் சொன்னதும் ஒரு பையன் கேட்டான்: “நம்ம ஊர்லதான் குளிரே கிடையாதே சார், இத எதுக்குப் படிக்கணும்?” அவன் கேட்டது நியாயம். அவன் கையில்தான் நாளைக்கு பக்கெட் வரப்போகிறது. வேறு சொல் தாருங்கள்.

தென்காசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திங்கள் இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஆறுவிரிசல்’ என்று வையுங்கள். பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, இரும்பும் ஆறுகிறது. குளிர்தல் வேறு, ஆறுதல் வேறு. சூடாக இருந்த ஒன்றுதான் ஆற முடியும்.

இது வினைத்தொகை. நன்னூலார் சொன்ன காலம் கரந்த பெயரெச்சம். ஆறிய விரிசல், ஆறுகின்ற விரிசல், ஆறும் விரிசல் என மூன்று காலத்துக்கும் விரியும். நீங்கள் விளக்கிய விரிசலும் எப்போது வரும் என்று தன் காலத்தை மறைத்தே வைத்திருக்கிறது. இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது.

சென்னை, மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய்

ஐயா, இலக்கணம் சரி. ஆனால் தாமிரபரணிக் கரை மாணவர்களுக்கு ‘ஆறுவிரிசல்’ என்று எழுதினால் வறண்ட ஆற்றுப்படுகைதான் கண்ணில் வரும். ஆறு என்ற எண்ணும் குறுக்கே நிற்கும்.

காரணத்தை வைத்துப் பெயரிடுவதே முறை. ‘நீரக விரிசல்’ என் பரிந்துரை. ஆங்கிலத்திலும் ஹைட்ரஜன் கிராக்கிங் என்ற பெயர் உண்டு.

யாழ்ப்பாணம், பொறியியல் விரிவுரையாளர், செவ்வாய்

எங்கள் பாடநூல்களில் ஐதரசன். ‘நீரகம்’ என்றால் எங்கள் பிள்ளைகள் சிறுநீரகத்தை நினைப்பார்கள், உங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ‘ஐதரசன் விரிசல்’ எனக்கு உடன்பாடு.

வேறொன்று. ராடைச் சூட்டுப் பெட்டியில் வைத்து ஈரம் போக்குவதற்குக் கையேட்டில் என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? நாங்கள் பேக்கரியை வெதுப்பகம் என்போம். ‘ராடு வெதுப்பல்’ நன்றாகப் பொருந்தும்.

வள்ளியூர், பட்டறை உரிமையாளர், செவ்வாய் இரவு

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கல்குவாரி வண்டிகளுக்கு வேலை பார்க்கிற பட்டறை எங்களுடையது. எங்களிடம் இதற்குப் பெயர் இருக்கிறது. ‘மறுநாள் கீறல்’ என்போம். சாயங்காலம் பக்கெட்டை முடித்து அனுப்பினால் மறுநாள் காலை டிரைவர் போன் போடுவார்: “அண்ணாச்சி, ரன் ஓரத்துல கீறிக் கெடக்கு.” அந்த போனிலிருந்து பிறந்த பெயர்.

வரும் காரணமும் பையன்களுக்குத் தெரிய வேண்டும். சாதா ராடு, அதாவது 6013, கேட்டுக்கும் கிரில்லுக்கும் அருமையான ராடு. சுலபமாகப் பிடிக்கும், கசடு தானாக உரியும். ஆனால் அதன் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் அது ஒழுங்காக எரியும். அதைக் கொண்டுபோய் அடாப்டரில் ஓட்டக் கூடாது. அங்கே 7018, அதாவது ஹைட்ரஜன் குறைவாக விடுகிற ராடு, வேண்டும். ராடை மெஷினின் பாசிட்டிவ் முனையில் மாட்டி, ஆர்க்கை நீட்டாமல், அகலமாக நெளிக்காமல் நேர் ரன்களாக ஓட்ட வேண்டும். மெல்லிய பத்து கேஜ் ராடில் வேர் ரன், அதாவது அடியில் ஓட்டும் முதல் ரன், பிறகு தடித்த எட்டு கேஜில் நிரப்பலாம்.

7018 வாங்கிவிட்டால் மட்டும் போதாது. பாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டால் குற்றாலச் சாரல் காலத்தில் அது தண்ணீர் குடித்துவிடும். அப்படிப்பட்ட ராடு ஆர்க்கைத் தொட்டதும் பொரியும், ரன்னின் தொடக்கத்தில் ஊசித்துளை விழும். பல்பு எரிகிற பெட்டியில் வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பல்புச் சூட்டில் பூச்சு குடித்த ஈரம் போகாது. 300, 350 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சுட வேண்டும். அப்புறம் 120 டிகிரிக்குக் குறையாத பெட்டியில் வைத்து, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எங்கள் பையன்கள் ‘ராடு சுடுவது’ என்கிறார்கள். வெதுப்பல் என்றால் அரைச்சூட்டோடு நிறுத்திவிடுவார்கள்.

இன்னொன்று காற்று. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் அடிக்கிற அடியில், தகட்டை 150 டிகிரிக்கு ஏற்றி வைத்தாலும் வெட்டவெளியில் சூடு நிற்காது. தார்ப்பாய் கட்டாமல் வேலையைத் தொடங்க விடமாட்டேன்.

சென்னை, புதன்

அண்ணாச்சி, உங்கள் மடலைக் கையேட்டிலேயே சேர்க்கலாம். ஒரு சொல்லில் மட்டும் மறுப்பு. கீறல் என்பது நகம் பட்டாற்போல் மேலே விழுவது. இந்த விரிசல் பெரும்பாலும் ரன்னுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் தொடங்குகிறது. ‘கீறல்’ என்று படித்த பையன் மேலே கிரைண்டர் போட்டுத் தேய்த்துவிட்டு, போய்விட்டது என்று நினைப்பான். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

தென்காசி, புதன்

விரிசலே சரி. விரி என்ற வேரில் உள்ளிருந்து அகன்று வரும் பொருள் இருக்கிறது. ஒருவேளை யாரேனும் கீறலை விடாமல் பிடித்தால் ‘ஆறுகீறல்’ என்றே எழுத வேண்டும், ‘ஆறுக்கீறல்’ அல்ல. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

ஆற்றையும் ஆறுதலையும் பிரித்துப் பார்க்கிறார்கள். நான் அவற்றை ஒன்றாகவே காண்கிறேன். ஆறு, ஆற்று, ஆற்றல் எல்லாம் எனக்கு ஒரு குடும்பமாகவே தோன்றுகிறது. வெம்மையைத் தணித்து வழி காட்டுவதால் ஆறு, ஆறு ஆனது என்பது என் எண்ணம். இரும்பும் இந்த நிலத்துக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் இரும்புக் கருவிகள் குவியலாகக் கிடைத்தன. பொருநை எனும் தாமிரபரணிப் படுகையில் சிவகளை இரும்புக்குக் கி.மு. 3345 வரை காலம் செல்கிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை சொன்னது. அந்த உலைகளில் இருந்தவர்கள் கசடு என்றா சொல்லியிருப்பார்கள்? கிட்டம் என்று நல்ல சொல் இருக்கிறது. பழைய இரும்புக் கிட்டத்தைத்தான் சித்த மருத்துவத்தில் மண்டூரம் என்று சோகைக்குக் கொடுக்கிறார்கள். கையேட்டில் கசடை எடுத்துவிட்டுக் கிட்டம் போடுங்கள்.

பேட்டை, புதன் இரவு

ஐயா, கிட்டம் அழகான சொல். அடுத்த பதிப்பில் பேசுவோம். இப்போது விரிசலை முடிக்க வேண்டும். என் அளவுகோல் ஒன்றுதான்: பெயரைக் கேட்டதும் பையன் என்ன செய்வான்?

வள்ளியூர், வியாழன் காலை

அந்த அளவுகோலை வைத்தே சொல்லுதேன். ‘ஆறு’ என்று பெயர் வைத்தால், ஆறுவதுதான் குற்றம், எல்லா இரும்பையும் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று பையன் எடுத்துக்கொள்வான். பக்கெட்டுக்கு அது சரி; முடித்ததும் சாம்பலோ மணலோ போட்டு மூடி மெதுவாகத்தான் ஆற விடுகிறோம். ஆனால் அதே பையனிடம் அடுத்த வாரம் கிரஷர் ஜா பிளேட், அதாவது கல் நொறுக்கும் மெஷினின் தாடைத் தகடு, வரும். அது 11 முதல் 14 சதவீதம் மாங்கனீசு சேர்ந்த எஃகு. காந்தம் வைத்தால் ஒட்டாது, அதுதான் அடையாளம். அதற்கு முன்சூடு கொடுத்தால் கெடும். 260 டிகிரியைத் தாண்டவிட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கத் தொடங்கும். மாங்கனீசு ராடிலோ 309 ஸ்டெயின்லெஸ் ராடிலோ குட்டை குட்டையாக ஓட்டி, இடம் மாற்றி மாற்றி வைத்து, நடுவில் ஆறவிட வேண்டும். அங்கே ஆறவிடுவதுதான் மருந்து. ஒரு பெயர் ஒரு வேலையில் காப்பாற்றி இன்னொரு வேலையில் கெடுக்கக் கூடாது.

‘மறுநாள் விரிசல்’ என்றால் பையன் மறுநாள் போய்ப் பார்ப்பான். 48 மணி நேரம் கழித்துச் சோதி என்று பெரிய கம்பெனிகளில் எழுதி வைத்திருப்பதும் அதற்காகத்தானே.

யாழ்ப்பாணம், வியாழன்

நல்ல வாதம். ஆனால் மறுநாள் என்பது பேச்சுச் சொல்; மூன்று மணி நேரத்தில் வரும் விரிசலையும் மூன்றாம் நாள் வருவதையும் அதில் எப்படி அடக்குவது? ‘பின்விரிசல்’ என்று சுருக்கலாமே. உலோகம் உறையும்போதே விழுகிற ஹாட் கிராக்கிங்குக்கு ‘உடன்விரிசல்’. ஒரு சோடி கிடைத்துவிடும்.

சென்னை, வியாழன்

பின்விரிசல், உடன்விரிசல். இரண்டுக்கும் என் ஆதரவு. நீரகத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

வள்ளியூர், வியாழன்

பின்விரிசல் என்றால் தகட்டின் பின்பக்கம் என்று எங்கள் பையன்கள் நினைப்பார்கள். வேர் ரன்னில் பின்பக்கமும் விரிசல் விழுவது உண்டு. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடுவார்கள். உடன்விரிசல் நன்றாக இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம்.

பேட்டை, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. நாளைக் காலை அச்சகத்துக்குப் போகிறேன். தலைப்பில் ‘மறுநாள் விரிசல்’, முதல் வரியிலேயே “சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை கழித்து வரும்” என்ற விளக்கம். ஹாட் கிராக்கிங்குக்கு உடன்விரிசல். ராடு சுடுதல் அப்படியே. சொல்லடைவில் பின்விரிசலையும் ஐதரசன் விரிசலையும் மாற்றுச் சொற்களாகப் போட்டிருக்கிறேன். தென்காசி ஐயாவின் ஆறுவிரிசலும் அங்கே உண்டு.

தென்காசி, வெள்ளி அதிகாலை

சொல்லடைவில் இடம் கொடுத்ததற்கு நன்றி. எனினும் என் மறுப்பைக் குழுவின் ஆவணத்தில் பதிவு செய்யக் கோருகிறேன். மறுநாள் என்பது காலத்தைக் குறித்துச் சொல்கிற பெயர். இந்த விரிசலோ காலத்தை மறைப்பது. பெயர் ஒரு நாளைச் சொல்லி, முதல் வரி இரண்டு நாளைச் சொன்னால் மாணவன் எதை நம்புவான்? மாங்கனீசு எஃகைக் காட்டி வள்ளியூர்த் தம்பி சொன்ன தடைக்கு மட்டும் என்னிடம் இன்னும் விடை இல்லை. கிடைத்ததும் எழுதுகிறேன்.