1801 மருது படைக்கு லிஸ்ட்: வளரி எத்தனை வைக்கலாம்?

கல்லுக்கட்டிக்காரன்:
‘பிளாக் பவுடர்’ என்ற மேசைப் போர் விளையாட்டின் விதிகளை வைத்து 1801 சிவகங்கைச் சண்டையை ஆட 28 மி.மீ. பொம்மைகளில் ஒரு படை சேர்த்திருக்கிறேன். எதிரில் என் சித்தப்பா மகன், கும்பினிச் சிவப்புச் சட்டைக்காரர்களோடு. என் லிஸ்ட்டில் வளரி (வளைந்த எறி ஆயுதம்) படை 4, துப்பாக்கி 2, ஈட்டி 2, ஒரு பீரங்கி. மருது என்றாலே வளரிதானே என்று அள்ளி வைத்தேன். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. அவன் 18 அங்குலத்தில் நின்று சுடுகிறான், வளரிக்காரன் கிட்டப் போவதற்குள் பாதிப் பேர் காலி. வளவில் ஆத்தங்குடிக் கல் மேலேயே ஆடுகிறோம், ஓரத்தில் நாலு மரம் உண்டு. படை சேர்க்கிற பாயின்ட்டைக் கூட்டிக் கேட்கலாமா, இல்லை லிஸ்ட்டே தப்பா?

தேவகோட்டை ரஸ்தா:
தரைதான் தப்பு. வழவழக் கல்லில் மருது படையை நிறுத்தினால் யார் ஆடினாலும் தோற்க வேண்டியதுதான். அவர்களுக்குப் பெரிய பலமே காடு. கும்பினிக்குப் பயன்படக் கூடாதென்று தங்கள் ஊரான சிறுவயலைத் தாங்களே கொளுத்திவிட்டுப் போனார்கள். அங்கிருந்து காளையார்கோவிலுக்குப் பாதை போட கும்பினித் தளபதி அக்னியூவின் ஆட்கள் ஆகஸ்ட் முழுக்க அடி வாங்கிக்கொண்டே மரம் வெட்டி, கடைசியில் அந்த வேலையையே கைவிட்டார்கள். பிறகு அக்டோபர் 1 அன்று பல பக்கமாக வந்துதான் கோவிலைப் பிடித்தார்கள்.

இதையே ஆட்டமாக வையுங்கள். பாதித் தரைக்கு மேல் காடு. கும்பினி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படையை மரம் வெட்ட நிறுத்த வேண்டும், வெட்டுகிற படை சுடக் கூடாது, 10 சுற்றுக்குள் மறுமுனை போய்ச் சேராவிட்டால் நீங்கள் ஜெயித்தீர்கள். மரத்துக்குத் தேங்காய் நாரைப் பிய்த்துப் பச்சை அடித்தால் போதும். தரைக்கு டீத்தூள், ஆனால் சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்தது வேண்டாம். என் காளையார்கோவிலைக் கும்பினிக்கு முன்னால் எறும்பு பிடித்துவிட்டது.

பெரிய மருது ஃபேன்:
காடு சரி, லிஸ்ட்டும் தப்புதான். வளரி கிட்டத்தில் எறிகிற ஆயுதம், சண்டையில் எறிந்தது கைக்குத் திரும்பி வராது, ஒரு ஆள் எத்தனை சுமப்பான்? அதனால் இரண்டு சின்னப் படை போதும், அதுவும் சிதறி நின்று ஆடுகிற மாதிரி. அவர்களுக்கு ‘மரோடர்ஸ்’ விதியைக் கொடுங்கள், தளபதி தூரத்தில் இருந்தாலும் உத்தரவுக்கு உருட்டும்போது அந்தத் தூரத்துக்கான கழிவு வராது. மிச்சம் துப்பாக்கியும் ஈட்டியும். ஈட்டியில் ஒரு பெரிய படையை ஊமைத்துரையின் ஆட்களாகவே வையுங்கள், பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு அவர் சிறுவயலுக்கு வந்து மருதுவோடு சேர்ந்தவர். பாயின்ட் சமமாக வேண்டுமென்றால் சித்தப்பா மகன் தொண்டைமான் படையைச் சேர்த்துக்கொள்ளட்டும், புதுக்கோட்டை அப்போது கும்பினி பக்கம்தான். எங்கள் மாமா வீட்டில் இதைச் சொன்னால் சோறு கிடைக்காது, அது வேறு.

கல்லுக்கட்டிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். “மரம் வெட்டவா இவ்வளவு காசு போட்டுச் சிப்பாய் வாங்கினேன்” என்று முறைத்துக்கொண்டே வெட்டினான். எட்டாவது சுற்றில் அவன் இன்னும் பாதி வழிகூடத் தாண்டவில்லை, வளரிக்காரர்கள் இரண்டு பக்கமும் அப்படியே இருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து முடிக்கலாம் என்று எழுந்து போனோம். திரும்பி வந்தால் அப்பத்தா விளக்குமாற்றோடு நிற்கிறார், காடு மொத்தமும் முறத்தில்.