புதுப்பிப்பு: விருது விழா ஆரம்ப அனிமேஷனில் மினுங்கிய கோடுகள், தீர்வு கிடைத்தது

பதில் எழுதின எல்லோருக்கும் நன்றி. புதிதாக வாசிப்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் கட்டடத்துறை விருது விழா ஒன்றுக்கான 40 விநாடி ஆரம்ப வீடியோ. பனையோலைப் பின்னல் பொன் கோடுகளாக விரிந்து கட்டடமாக எழும். லப்டொப்பில் வடிவாக இருந்தது, எல்.ஈ.டி சுவரில் கோடுகள் மினுங்கின, கருநீலப் பின்னணி பட்டை பட்டையாகத் தெரிந்தது.

கோடுகளைத் தீர்த்தது, "முதலில் சுவரின் பிக்சலை எண்ணுங்கோ" என்று இங்கே பதில் எழுதின அண்ணா ஒருவரின் யோசனை. பிட்ச் (அடுத்தடுத்த பிக்சல்களுக்கு இடையிலான தூரம்) 3.91 மில்லிமீற்றர் என்றால், சுவரை உருவாக்கும் 50 சென்ரிமீற்றர்ப் பலகையின் ஒரு பக்கத்தில் 128 பிக்சல். அகலத்தில் 12, உயரத்தில் 6 பலகை. மொத்தம் 1536 × 768 மட்டுமே. நாங்கள் கொடுத்தது 1920 × 1080. அதைச் சுருக்கும்போது 1 பிக்சல் கோடு இரண்டு வரிசைக்கு நடுவில் தத்தளிக்கும். சுவரின் அளவிலேயே கொம்ப் (அனிமேஷன் செய்யும் சட்டகம்) அமைத்து, கோட்டை 3 பிக்சலாக்கி ரெண்டர் செய்ததும் (வீடியோவாக வெளியெடுத்ததும்) மினுக்கம் நின்றது.

பின்னணிப் பட்டைக்கு 16 பிட் நிற ஆழமும் மெல்லிய நொய்ஸும் (புள்ளித் தூவல்) பாதிதான் உதவின. எதிர்பாராதது: மண்டபத்துக்காகச் சுவரின் வெளிச்சத்தை 25 சதவீதத்துக்கு இறக்கியதும் பட்டை திரும்ப வந்தது. வெளிச்சம் குறைந்தால் இருண்ட நிறங்களின் படிகளும் குறைந்துவிடும். கிரேடியன்டை (மெல்ல மெல்ல மாறும் பின்னணி நிறத்தை) எடுத்துவிட்டு ஓலையின் சொரசொரப்பையே பின்னணியாக்கினோம். முன்னதைவிட இதுதான் அழகு.

இன்னொன்று: எழுத்தெழுத்தாக விழும் தலைப்பில் "கொ"வின் கொம்பும் காலும் தனித்தனியே விழுந்தன. எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, ஒவ்வொன்றையும் குழுவாகக் கட்டிய பிறகே அசைக்கவேணும்.